விடிஞ்சப்புறம் குடிச்ச பால்

சொல்லிரணும். அந்தக் கதவு திறந்து சிஸ்டர் வந்ததும் மொத வேலையா சொல்லிரணும். 'சிஸ்டர், பிள்ளைக்குப் பால் குடுத்துட்டேன்.' அம்புட்டுத்தான். இதைச் சொல்ல என்ன வந்துச்சு உனக்கு, சண்டாளி. நாக்கு நுனியில நிக்குது, வெளிய வர மாட்டேங்குது. மடியில யுகன் உக்காந்து என் வளையலை உருட்டிக்கிட்டு இருக்கான். ஆபரேசனுக்குப் போட்டுவிட்ட பச்சைச் சட்டை, முதுகுல நாடா வச்சுக் கட்டுறது, இவனுக்குப் பாதம் வரைக்கும் தொங்குது. ஒன்றரை வயசாச்சு, இன்னும் எட்டு மாசப் பிள்ளை கணக்காத்தான் இருக்கான். வயிறு மட்டும் இன்னைக்கு லேசா உப்பி இருக்கு. எனக்குத்தான் அப்படித் தெரியுதா, இல்ல பாக்குறவுகளுக்கும் தெரியுமா? சட்டையை இழுத்து மூடுறேன். களவாண்ட சாமானை முந்தானையில மறைக்கிற மாதிரி பெத்த பிள்ளை வயித்தை மறைக்கிறேன். விடியக்காலம் நாலு மணிக்கு மேல ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுன்னு நேத்து சாயங்காலமே மயக்க டாக்டர் அம்மாமாரை எல்லாம் கூப்பிட்டு உக்காரவச்சுச் சொன்னாரு. மயக்கம் குடுக்கிறப்ப வயித்துல பால் கிடந்தா அது மேல ஏறி வந்து மூச்சுக்குழல்ல இறங்கிரும், அப்புறம் உசுருக்கே ஆபத்தாயிரும்னு சொன்னாரு. 'பிள்ளை அழத்தான் செய்யும். அழட்டும். மனசைக் கல்லாக்கிக்கங்க'ன்னாரு. எல்லாரும் தலையாட்டினோம். நான்தான் முன்னாடி உக்காந்து எல்லாரையும் விடப் பெருசா ஆட்டினேன். அப்புறம் விடிஞ்சு, சன்னல்ல வெளிச்சம் வந்து, கீழ டீக்கடையில பாட்டுச் சத்தம் கேக்க ஆரம்பிச்ச பிறகு பால் குடுத்திருக்கேன். குடுக்கல, அவனா எடுத்துக்கிட்டான். இல்ல. குடுத்தேன். ஊருக்குச் சொல்ற பொய்யை உனக்கே சொல்லாத முனீஸ்வரி.

கண்ணு முழிக்கிறப்ப வாய் வச்சிருந்தான். அது சத்தியம். ராத்திரி பூரா அழுது அழுது தோள்லயே தூங்கினவனைக் கட்டில்ல போட்டு நானும் பக்கத்துல ஒடுங்கிக் கிடந்தேன், எப்ப அசந்தேன்னு தெரியல, அவன் எப்ப முண்டிக்கிட்டு வந்தான்னு தெரியல. முழிச்சப்ப வாய்க்குள்ள ரெண்டு இழுப்புப் போயிருக்கும். அந்த எடத்துல எடுத்துருக்கணும். விரலை வாயோரமா விட்டு நெம்புனா விட்டுருவான், ஒன்றரை வருசமா தெரிஞ்ச வித்தைதானே. விரலைக் கொண்டுபோகவும் செஞ்சேன். அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. மடக்கு மடக்குன்னு முழுங்குற சத்தம். பிள்ளை பெத்த எல்லாருக்கும் அது ஒரு சத்தமா? எனக்கு அது புதுசு. இவன் பொறந்த நாள்ல இருந்து ஒரு தடவை கூட அப்படிக் குடிச்சதில்ல. நாலு சப்பு சப்புவான், விட்ருவான். மூச்சு வாங்கும். நெத்தியில, மூக்கு மேல, பொடதியில எல்லாம் முத்து முத்தா வேர்த்துக் கொட்டும், மூட்டை தூக்குனவன் மாதிரி. விலா எலும்புக்கு ஊடால குழி விழும். மறுபடி நாலு சப்பு. மறுபடி மூச்சு. அப்படியே அசந்து தூங்கிருவான், அரை வயிறு கூட நெறையாம. ஒரு பிள்ளை பால் குடிக்கிறதுக்கு இம்புட்டுப் பாடா படணும்? இங்க வந்து ரெண்டு நாளா நீர் பிரிய ஊசி போட்டதுல நெஞ்சு லேசாயிருந்திருக்கு போல, இன்னைக்கு வேர்க்கவே இல்ல. நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், காஞ்சு கிடக்கு. ஒரு கையை என் மேல வச்சு அமுக்கிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ஊர்ப்பட்ட பசியையும் சேர்த்துக் குடிக்கிறான். கொண்டு போன விரலை அப்படியே நெத்தியில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே கிடந்தேன். நாலு மணி ஞாபகம் இல்லையா? இருந்துச்சு. டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா? ஒவ்வொரு எழுத்தும் இருந்துச்சு. இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு சொல்லிக்கிட்டேன். ஒரு பக்கம் முழுசும் குடிச்சுட்டு அவனா விட்டான். விட்டுட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. வாயோரம் வழிஞ்சதை முந்தானையால துடைச்சேன். தோள்ல போட்டுத் தட்டினதும் ஏப்பம் விட்டான், ஊருக்கே கேக்குற மாதிரி. பக்கத்துக் கட்டில்ல ஜெசிந்தா அக்கா திரும்பிப் படுத்துச்சு. நான் தட்டுறதை நிறுத்திட்டேன்.

பால் பத்தல, பால் பத்தலன்னு இந்த ஒன்றரை வருசமா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சே, அதுவும் ஒரு காரணம். அத்தை வேற யாருமில்ல, என் அப்பா கூடப் பொறந்ததுதான், மாமியாராயிட்டா மட்டும் வாய் மாறிருமா என்ன. 'உனக்குப் பால் ஊறலடி, அதான் பிள்ளை வாய் வச்சதும் விட்ருது. புட்டிப்பால் குடு.' பூண்டுக் கஞ்சி குடிச்சேன், சுறாப்புட்டு தின்னேன், கருவாடு தின்னேன். மாரு ரெண்டும் கட்டிக்கிட்டு வலி உசுரு போகும், சேலை நனையும், பாத்ரூமுக்குள்ள நின்னு பீச்சிவிடுவேன், வெளிய வந்தா 'பால் பத்தல'. குத்தம் என் மாருல இல்ல, அவன் நெஞ்சுலன்னு தடுப்பூசி போட வந்த நர்சம்மாதான் மொதல்ல சொன்னாக. நெஞ்சுல கை வச்சுப் பாத்துட்டு, 'பூனை உறுமுற மாதிரி அதிருதே, இதயத்துல எதுவும் இருக்கப்போகுது, பெரியாஸ்பத்திரியில எக்கோ எடுத்துப் பாருங்க'ன்னு சொன்னாக. நான் என்ன பண்ணேன்? சண்டைக்குப் போனேன். 'என் பிள்ளை எம்புட்டுச் சிவப்பா இருக்கான் பாருங்க, உதடு ரோசாப்பூ கணக்கா இருக்கு, இதயத்துல ஓட்டை இருந்தா பிள்ளை நீலமா இல்ல இருக்கும்?' இப்படிக் கேட்டேன், பெரிய டாக்டருக்குப் படிச்சவ மாதிரி. எங்க தெருவுல எல்லாரும் அதைத்தான் சொன்னாக. நீலம் பாஞ்சாத்தான் நெஞ்சுக்கோளாறு, இது சும்மா சளி. சளி சளின்னு மூணு தடவை நிமோனியாவுல கொண்டுபோய்ப் படுக்கப் போட்டோம். எக்கோ எடுத்த டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு. கீழ் ரெண்டு அறைக்கும் நடுச்சுவத்துல ஓட்டை, பெரிய ஓட்டை. நல்ல ரத்தம்தான் ஓட்டை வழியா மறுபடி நுரையீரலுக்கே போகுது, கெட்ட ரத்தம் இந்தப் பக்கம் வரல, அதான் நீலம் பாயல. எங்க ஊர்ல கிணத்து மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், குழாய் நடுவுல பிளந்து பாதித் தண்ணி கிணத்துக்கே விழுந்துக்கிட்டு இருக்கும், மேல தொட்டி நெறையாது. அதைச் சொன்னேன். 'சரியாச் சொன்னீங்கம்மா'ன்னாரு. 'மோட்டார் எரிஞ்சுபோறதுக்குள்ள அடைச்சிரணும். நாள் கடத்துனா நுரையீரல் கெட்டுப்போகும், அப்புறம் ஓட்டையை அடைச்சும் பிரயோசனம் இல்ல'ன்னாரு. அப்புறம்தான் கேட்டாரு, சொந்தத்துல கல்யாணமான்னு. நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அத்தை மகனைத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னது நான். சில நேரம் அதனாலயும் வரும், எல்லாருக்கும் வரும்னு இல்லன்னு டாக்டர் சமாதானம் சொன்னாரு. அந்தச் சமாதானம் இன்னைக்கு வரைக்கும் எனக்குள்ள இறங்கல.

இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தேதி குடுத்தாக. ரெண்டு தடவையும் முந்தின நாள் சளி பிடிச்சுக்கிச்சு, திருப்பி அனுப்பிட்டாக. மூணாவது இது. இன்னைக்கும் விட்டா அடுத்து எப்பவோ. அதுக்குள்ள இன்னொரு நிமோனியா வந்தா? நுரையீரல் கெட்டுப்போயிருச்சுன்னு சொல்லிட்டா? அதான் வாய் வர மாட்டேங்குது. சொன்னா தேதி போச்சு. சொல்லலைன்னா, ஐயோ, சொல்லலைன்னா. நாலு மணிக்கு மேலன்னு டாக்டர் சும்மா கொஞ்சம் கூட்டித்தானே சொல்லியிருப்பாரு. பாலுதானே, சோறா குடுத்தேன். தாய்ப்பால் தண்ணி மாதிரி, இந்நேரம் செரிச்சிருக்கும். செரிச்சிருக்குமா? இந்தா, வயிறு இன்னும் பொம்முனுல்ல இருக்கு. காலையில இவரு கீழ வராந்தாவுல இருந்து எந்திரிச்சு மேல வந்தாரு, ராத்திரி ஆம்பளைகளை வார்டுக்குள்ள விட மாட்டாகளே. முகத்தைக் கூட கழுவல, வந்ததும் மொதல் கேள்வி, 'ஒண்ணும் குடுக்கலயே?' நான் 'இல்லங்க'ன்னேன். எம்புட்டு வேகமா வந்துச்சு அந்த 'இல்லங்க'! உண்மை வாசல்ல நின்னு தயங்குது, பொய்யி பாரு, செருப்பைக் கூட மாட்டாம ஓடி வருது. அவரு பிள்ளை தலையைத் தடவி, 'சமத்துடா நீ, பசியைப் பொறுத்துக்கிட்ட பாரு'ன்னாரு. யுகன் அவர் விரலைப் பிடிச்சு இழுத்து விளையாடினான். பசியில இருக்கிற பிள்ளை அப்படி விளையாடுமா மாமா, உங்களுக்கு அது கூடத் தோணலையா? தோணியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவராக் கண்டுபிடிச்சு நாலு அறை விட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

ஜெசிந்தா அக்கா எதிர்த்த பெஞ்சுல உக்காந்திருக்கு. அது மக ஷெரின் மடியில சாஞ்சு கிடக்கு. மூணு வயசு. அது நீலப் பிள்ளை. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும், நகமெல்லாம் கருநீலம், பத்து எட்டு நடந்தா குத்த வச்சு உக்காந்துரும். பாம்பன்காரவுக. அந்த அண்ணன் கடலுக்குப் போறவரு, படகு விடியத்தான் கரைக்கு வரும், அங்க இருந்து பஸ் ஏறி பத்து மணிக்குள்ள வந்துருவேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு ரெண்டாவது ஆபரேசன் ஷெரினுக்கு, மத்தியானத்துக்கு. மொத ஆபரேசன் யுகனுக்கு. 'நல்லதாப் போச்சு முனீசு, அவுக அப்பா வந்து மகளைப் பாத்துட்டு அனுப்பலாம்'னு நேத்து முழுக்க இதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் ஒரு பாவம் பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிருறேன், இப்ப யாரும் கேக்கல. வார்டுக்குள்ள வந்த மொத நாள் ஷெரின் உதட்டைப் பாத்துட்டு மனசுக்குள்ள சந்தோசப்பட்டேன். நல்லவேளை நம்ம பிள்ளை நீலம் இல்லன்னு. என் பிள்ளை சிவப்பு, அவன் கோளாறு சின்னக் கோளாறுன்னு. அந்தக் கண்ணோட அந்த அக்காவைப் பாத்து ஐயோ பாவம்னு வேற சொன்னேன். அக்கா அதைக் கேட்டுட்டு, பிளாஸ்க்குல இருந்த டீயில பாதியை எனக்கு ஊத்திக் குடுத்துச்சு. 'எல்லாம் ஓட்டைதான்டி, உள்ள போனா எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான்'னு சிரிச்சுச்சு. இப்பவும் என்னைப் பாத்துச் சிரிக்குது. தைரியமா இருன்னு கையைக் காட்டுது. நான் பதிலுக்குச் சிரிக்கிறேன், மூஞ்சி கோணுது.

கதவு திறந்துருச்சு. பச்சைத் தொப்பி போட்ட சிஸ்டர், கூட மயக்க டாக்டர். 'யுகன் யாரு? வாங்க வாங்க, குட்டி.' யுகன் டாக்டர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் போறான். சிஸ்டர் அவன் கையில கட்டின பட்டையைப் பாத்து, பேரைக் கேட்டு, அதையும் கேட்டுருச்சு. 'நாலு மணிக்கு மேல எதுவும் குடுக்கலல்ல?' என் வாய் திறக்குது. நான் திறக்குறதுக்குள்ள இவரு, 'இல்ல சிஸ்டர், ஒரு சொட்டு குடுக்கல. என் சம்சாரம் ரொம்பக் கண்டிசன்'னாரு. பெருமையா வேற சொல்றாரு. முடிஞ்சுபோச்சு, இனி சொன்னா அவரும் பொய்யரு ஆவாரு. சிஸ்டர் கை நீட்டுது. நான் பிள்ளையைக் குடுக்கிறேன். குடுத்துட்டேன். கை லேசாயிருச்சு. யுகன் சிஸ்டர் தோள்ல இருந்து திரும்பி என்னைப் பாத்து, அம்மா வரலையான்னு புருவத்தைத் தூக்குறான். எல்லாம் நல்லாத்தான் நடக்கும். பாலுதானே. மேல ஏறி வந்து மூச்சுக்குழல்ல இறங்கிரும். காலையில அவன் முழுங்குன சத்தம், மடக்கு மடக்குன்னு, அது எந்தப் பக்கம் வரும்? அதே பாலு, என் பாலு, நான் பாத்துப் பாத்து ஊட்டுன பாலு, அவன் நெஞ்சுக்குள்ள தப்பான பாதையில இறங்குறதை நெனச்சுப் பாத்தேன். கதவு பாதி மூடிருச்சு. நான் கத்தினது எனக்கே கேட்டுச்சு. 'சிஸ்டர்! பால் குடுத்துட்டேன்! விடிஞ்சப்புறம் குடுத்துட்டேன்!' வராந்தா பூரா திரும்பிப் பாத்துச்சு. சிஸ்டர் அப்படியே நின்னுருச்சு. 'என்னம்மா நீ, படிச்சுப் படிச்சுச் சொன்னோமே!'ன்னு ஏசுச்சு. மயக்க டாக்டர் ஏசல. எப்பம்மா, எவ்வளவு நேரம் குடிச்சான், அதை மட்டும் கேட்டாரு. சொன்னேன். ஒரு பக்கம் முழுசாக் குடிச்சான் சார்னு சொல்றப்ப, இருக்கிற வெக்கத்துலயும் எங்கேயோ ஒரு மூலையில எனக்குப் பெருமையா இருந்துச்சு, தூ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவரு சிஸ்டரைத் திரும்பிப் பாத்து, 'தேதியை மாத்த வேண்டாம். அந்தப் பாம்பன் குழந்தையை இப்ப எடுத்துக்கலாம், இவனை அடுத்து எடுப்போம்'னாரு. என் பக்கம் திரும்பி, 'சொன்னீங்களே, அது போதும்'னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

போதும்னு அவரு சொல்லிட்டாரு. எதிர்த்த பெஞ்சுல ஜெசிந்தா அக்கா எந்திரிச்சு நிக்குது, ஒண்ணும் புரியாம. சிஸ்டர் போய்ச் சொல்லச் சொல்ல அக்கா மூஞ்சி மாறுது. 'சிஸ்டர், அவுக அப்பா வந்துக்கிட்டு இருக்காரு சிஸ்டர், பரமக்குடி தாண்டிட்டாரு, கொஞ்சம் பொறுத்துக்கங்க.' 'தியேட்டரைச் சும்மா போட்டு வைக்க முடியாதும்மா. ரெண்டு பிள்ளைக்கும் இன்னைக்கு முடிக்கணும்ல?' அக்கா போனைப் போட்டுப் பிள்ளை காதுல வச்சுச்சு. பஸ் இரைச்சல், ஆரன் சத்தம், நடுவுல 'பாப்பா... பாப்பா...'ன்னு ஆம்பளைக் குரல், லைன் கட்டாயிருச்சு. மறுபடி போட்டுச்சு, கிடைக்கல. ஷெரின் அழ ஆரம்பிச்சுருச்சு. 'அப்பா வரட்டும்மா. அப்பா வரட்டும்.' அந்தப் பிள்ளை அழக் கூடாது, அழுதா இன்னும் நீலமாகும், எல்லாருக்கும் தெரியும். எங்க கண்ணு முன்னாடி உதடு கருத்துக்கிட்டே போகுது. சிஸ்டர் ஓடியாந்து ரெண்டு முழங்காலையும் நெஞ்சோட மடக்கிப் பிடிச்சு, ஆக்சிஜனை மூக்குல வச்சு, ஊசியைப் போட்டு, அப்பவும் அது 'அப்பா'ன்னுதான் கேக்குது, குரல் சன்னமாயிக்கிட்டே போகுது. உள்ள கொண்டுபோயிட்டாக. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா என்ன, சொல்லியிருக்கலாமே. என் பக்கத்துல வந்து, 'நீ என்ன வேணும்னேவா பண்ண'ன்னு மட்டும் சொல்லிட்டு, செபமாலையை எடுத்துக்கிட்டு மாதா படம் மாட்டியிருக்கிற அந்தத் தியேட்டர் வாசப்படியில போய் உக்காந்துருச்சு. நான் வேணும்னுதான் பண்ணேன் அக்கா. ஒவ்வொரு வாயும் எண்ணிக்கிட்டே பண்ணேன். பண்ணின பாவம் ஒரு பக்கம், இப்ப அதைச் சொன்ன புண்ணியமும் உன் மக தலையிலதானே வந்து விடிஞ்சுருக்கு.

இவரு ஒரு மணி நேரமா யுகனைத் தோள்ல போட்டுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாரு. 'என்னையும் பொய்யனாக்கிட்டியே'ன்னு ஒரு தடவை சொன்னாரு, சத்தம் போடாம. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, என் மூஞ்சியைப் பாக்காம, சுவரைப் பாத்துக்கிட்டு, 'நெறையக் குடிச்சானா?'ன்னு கேட்டாரு. 'ம்'னேன். 'வேர்த்துச்சா?' 'வேர்க்கல மாமா.' அவரு துண்டால மூஞ்சியை அழுத்தித் துடைச்சுக்கிட்டாரு. யுகனுக்குப் பசி மறுபடி வந்துருச்சு. கையில குளுக்கோஸ் ஏறுது, ஆனா அவனுக்கு அதா வேணும்? என்னைப் பாத்தாலே தாவுறான், சட்டைக்குள்ள கையை விடுறான், நெஞ்சுல அடிக்கிறான். எனக்கும் நனைஞ்சுபோச்சு, முந்தானையை நாலா மடிச்சு வச்சுப் பாத்தேன், நிக்கல. சிஸ்டர் வந்து பாத்துட்டு, 'அம்மா, நீங்க பக்கத்துலயே இருக்காதீங்க. பால் வாசனைக்குப் பிள்ளை அடங்க மாட்டான். அப்பாகிட்டக் குடுத்துட்டு அந்தக் கடைசிக்குப் போய் நில்லுங்க'ன்னுச்சு. நியாயம்தான். பெத்தவளைக் கண்ணுல காட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. வராந்தாவோட அந்தக் கடைசி, மாடிப்படி ஏறி வர்ற எடம், அங்க வந்து தூணுக்குப் பின்னாடி நிக்கிறேன். அவன் அழுகுறது இங்க வரைக்கும் கேக்குது. ம்மா, ம்மாங்குறான். தூணை விட்டு வெளிய தலையை நீட்டக் கூடாது, பாத்துட்டா தீர்ந்தது. மத்தியானம் அவனை உள்ள கொண்டுபோறப்பவும் இப்படித்தான் தூரத்துல நிக்கணும். தூக்கிக் குடுக்கிறது அவுக அப்பாவாத்தான் இருக்கும். கடைசியா அவன் பாக்குற மூஞ்சி என்னோடதா இருக்காது. கடைசின்னு ஏன் சொன்னேன், நாக்கு அழுகிப்போக, வெட்டிக் கடல்ல போடு அந்தச் சொல்லை.

படியில யாரோ திபுதிபுன்னு ஏறி வர்ற சத்தம். ஒரு ஆளு, கட்டம்போட்ட சட்டை, தலையெல்லாம் உப்புப் பூத்து முடி திரி திரியா நிக்குது, கையில ஒரு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள பாப்பாவுக்குப் பாவாடை சட்டை, புதுசு, கடை அட்டையோட. மேல வந்ததும் மூச்சு வாங்குது. நிக்கிறது நான் ஒருத்திதான். 'தங்கச்சி, இருதய ஆபரேசன் இங்கனதானே? ஷெரின்னு ஒரு பிள்ளை, பாம்பன். பத்து மணிக்குள்ள வரச் சொன்னாக, போன்ல என்னமோ சொன்னா, விளங்கல. மத்தியானம்தானே எடுப்பாக?'  ஜெசிந்தா அக்கா எதிர்க் கடைசியில தியேட்டர் வாசப்படியில குனிஞ்சு உக்காந்திருக்கு, இவரைப் பாக்கல. நான்தான் சொல்லணும். 'உள்ள கொண்டுபோயிட்டாக அண்ணே. முன்னாடியே எடுத்துட்டாக.' அவரு பையைக் கீழ வச்சாரு. மெதுவா, முட்டை இருக்கிற மாதிரி வச்சாரு.  அப்புறம், 'அழுதாளா?'ன்னு கேட்டாரு. இல்லண்ணே, சிரிச்சுக்கிட்டே போச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன், காலையில வந்த அதே வேகத்துல அது வந்துச்சு, பிடிச்சு நிறுத்தினேன். 'அழுதுச்சுண்ணே.' 'என்னையக் கேட்டாளா?' 'கேட்டுச்சு. அப்பா வரட்டும், அப்பா வரட்டும்னு கேட்டுக்கிட்டே போச்சு.' நான் நெனச்சேன், இந்த மனுசன் இங்கயே உக்காந்து கதறப் போறாருன்னு. அவரு மூஞ்சி அப்படியே விரிஞ்சு ஒரு சிரிப்பு வந்துச்சு, கண்ணுல தண்ணி வழிய வழியச் சிரிக்கிறாரு. 'கேட்டாளா? கடலுக்குப் போயிட்டு வந்தா என்கிட்ட வர மாட்டா தங்கச்சி, மீன் கவிச்சி அடிக்குதுன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு அவுக அம்மாகிட்ட ஓடிருவா. என்னையக் கேட்டாளா?' சட்டைக் கையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டுப் பையை எடுத்தாரு. இன்னும் அவரு கேக்கல, எதுக்கு முன்னாடியே எடுத்தாகன்னு. ஜெசிந்தா அக்கா சொல்லாது, அது அப்படிப்பட்ட மனுசி. நான் சொல்லலைன்னா அவருக்குத் தெரியவே போறதில்ல. ரெண்டு எட்டு வச்சுட்டாரு. அந்தச் சிரிப்போட போகட்டுமே, விட்ருவோமேன்னு மனசு கெஞ்சுது. அந்தப் பக்கம் என் பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கான். 'அண்ணே'ன்னு கூப்பிட்டேன். அவரு திரும்பினாரு.